ஐந்து மணி நேரத்துக்கு மேலே

அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெளிச்சம்தான். மும்பையில் குர்லாவைத் தாண்டி, ஒரு காலத்தில் கிடங்காக இருந்து பிறகு ஸ்டூடியோவாக மாறிய தகரக் கொட்டகை. வெளியே ஜூலை மாத மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பொழுதுதான், மாலை நாலு மணி வெயில். பெரிய விளக்குகளுக்கு முன்னால் மஞ்சள் தாளைக் கட்டி அந்த வெயிலைச் செய்திருந்தார்கள். மெல்லிய புகையையும் பரப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் புகையில் ஒரு டீக்கடை மிதந்துகொண்டிருந்தது. கடையின் ஓரத்தில், அலுமினியத் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் பெண் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

குழந்தைகளை வேலைக்கு வைக்காதீர்கள் என்று சொல்லும் விளம்பரப் படம் அது. சிரிக்காதீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நான் மாதுங்காவில் பிறந்து வளர்ந்து செம்பூருக்கு வாழ்க்கைப்பட்டவள். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. நிறம் கறுப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாமே அதிலிருந்துதான் ஆரம்பித்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நான் மரமாக நின்றிருக்கிறேன், அரக்கியின் தோழியாக நின்றிருக்கிறேன், ஒரு வருஷம் திரை இழுக்கிறவளாகவும் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைப் பிடுங்கி அவர்கள் வாயிலேயே திணிக்கலாம் போல இருக்கும். என் பெண் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் மயக்கம் சரியாகத் தெளியாமல் கிடந்த என் காதில் முதலில் விழுந்ததும் அதே வாக்கியம்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு அவள் பொன்னேதான். ஆனால் ஊரும் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட.

அந்த வருஷம் மே மாதம், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் ஒரு நாள் தன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கோவண்டி குடிசைப் பகுதியில் குடியிருக்கிறாள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் பில்டிங்கில் மட்டும் அவளுக்கு நாலு வீடு. அன்றைக்கு அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும், பள்ளிக்கூடம் லீவு. பெண் தேய்க்க, தாய்க்காரி இடது கையால் அலம்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்ன இது? என் வீட்ல குழந்தை வேலை செய்யக் கூடாது. சட்டம் தெரியுமோ உனக்கு? நாளைக்கு யாராவது கேட்டா என்னைத்தான் பிடிப்பா."

"வேலையாக்கா இது? அம்மைக்கு ஒத்தாச பண்ணுதா. கை சொகமான பொறவு நானே செய்வேன்லா."

"ஒத்தாசைன்னு சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிக்கறா. பேசாதே. அவ ஹால்ல உக்காரட்டும்."

அந்தப் பெண் சோபாவின் நுனியில், ஈரக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தாள். என் பெண்ணும் அவளும் கார்ட்டூன் பார்த்தார்கள். உள்ளே தாய்க்காரி ஒற்றைக் கையால் குக்கரோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி வேலைக்கு முக்கால் மணி ஆயிற்று. பிறகு இரண்டு பேருமாக மூன்றாவது மாடிக்குப் போனார்கள். அங்கே அந்தப் பெண் தேய்க்கத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் நடக்கவில்லை, அது போதும் என்று இருந்தது. மறுநாள் ஆபீஸில் லஞ்ச் டைமில் இதை நாலு பேருக்குச் சொன்னேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பெண்ணும் மாதுங்காவில் டிபன் சாப்பிட வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். என் கணவருக்கு அப்போது வடோதராவில் வேலை, மாதம் இரண்டு தடவைதான் வருவார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவன் என் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவனே கார்டை நீட்டினான். விளம்பரப் படங்களுக்குக் குழந்தைகளைத் தேடிக் கொடுக்கிற கோஆர்டினேட்டராம்.

"மேடம், பச்சீ கா ஃபேஸ் பஹுத் ரியல் ஹை" என்றான்.

குழந்தையின் முகம் ரொம்ப ரியலாக இருக்கிறதாம்! அந்த வரிசையும் மழை ஈரமும் காபி வாசனையும் எங்கேயோ தள்ளிப் போய்விட்டன. அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து கணவருக்கு ஃபோன் செய்தேன். "உன் இஷ்டம்" என்றார் அவர். எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார்.

ஆடிஷனுக்கு அவளை எப்படித் தயார் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சோப்போ பிஸ்கட்டோ என்று நினைத்துக்கொண்டேன். புது ஃப்ராக், இரட்டைப் பின்னல், முகத்துக்கு இரண்டு தடவை பவுடர். அங்கே மேக்கப் செய்கிற பெண் ஈரத் துணியால் அந்தப் பவுடரை முழுக்கத் துடைத்துவிட்டாள். பின்னலை அவிழ்த்துக் கலைத்தாள். "இதுதான், இதுதான் வேண்டும்" என்று டைரக்டர் எழுந்தே விட்டார். டீக்கடையில் வேலை செய்கிற ஏழைக் குழந்தை வேஷம். ரியல் என்றால் அதுதான் அர்த்தம்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரே ஒரு நிமிஷம்தான். அந்த ஹாலில் எத்தனையோ குழந்தைகள் செக்கச் செவேலென்று காத்திருந்தார்கள். அவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு என் கறுப்பியை நிறுத்திக்கொண்டார்கள். அது மட்டும்தான் எனக்குக் கண்ணில் பட்டது. முதல் தடவையாக இந்த நிறம் ஜெயித்திருக்கிறது, எதற்காக ஜெயித்தால் என்ன?

ஒரு சிக்கல். என் பெண் அதுவரை ஒரு டம்ளர்கூடக் கழுவியது கிடையாது. டைரக்டர் ஒரு கிளாஸைக் கொடுத்துக் கழுவச் சொன்னார். அவள் அதைப் பூனைக்குட்டியைக் குளிப்பாட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நாளில் கை பழக வேண்டும், இல்லையென்றால் இரண்டாவதாகப் பார்த்து வைத்திருக்கிற பெண்ணைப் போட்டுக்கொள்வோம் என்றார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் சிங்க்கிலிருந்து யாரை விரட்டினேனோ அவளையே கூப்பிட்டேன்.

"பத்து நாள் சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் உன் பொண்ணை அனுப்பு. இவளுக்குப் பாத்திரம் தேய்க்கச் சொல்லித் தரணும்."

தாய்க்காரி கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "வேலை செஞ்சாத்தான் சட்டம் புடிக்குமாக்கா? வேலை சொல்லிக் குடுத்தா புடிக்காதோ?"

"இது நடிப்பு. இவ படத்துல நடிக்கப் போறா."

"என்ன படம்?"

"குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு ஜனங்களுக்குச் சொல்ற படம்."

"ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது.

அந்தப் பத்துச் சாயங்காலங்களும் இப்போது ஒரே சாயங்காலமாகக் கலந்துவிட்டன. ஜன்னலுக்கு வெளியே மழை, எதிர் பில்டிங் தெரியாத அளவுக்கு. சமையலறையில் பகலிலேயே லைட். சிங்க்குக்கு முன்னால் இரண்டு ஸ்டூல், அதன் மேல் இரண்டு சிறுமிகள், முழங்கை வரை நுரை. இருவரும் ஹிந்தியில்தான் பேசிக்கொண்டார்கள். "அரே, ஐசே நஹீ! பஹலே அந்தர், ஃபிர் பாஹர்" என்று அந்தப் பெண் சொல்வாள். முதலில் உள்ளே, அப்புறம் வெளியே. நாலு கிளாஸில் நாலு விரலை விட்டு ஒரே கையால் தூக்குகிற வித்தையை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். கிளாஸ் நழுவி விழுந்தால் இருவரும் சேர்ந்து கத்துவார்கள், சேர்ந்தே சிரிப்பார்கள். நான் கதவோரம் காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு அழகாக இருக்கும். கடைசியில் ஆளுக்கொரு சாக்லேட் கொடுப்பேன்.

ஒரு நாள் பெண்ணைக் கூட்டிப்போக வந்த தாய்க்காரியும் என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"ஏக்கா, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியளே?"

"சொல்லு."

"எம்பிள்ள எங்கூட வந்து தேய்க்கும்போது, கை வலிக்குன்னு சொன்னான்னு வைங்க, உடனே விடுடீன்னு சொல்லிருவேன். அந்த எடத்துல யாருக்கா சொல்லுவா?"

"ஏன், நான் கூடவே இருக்கப் போறேனே! நானும் தாய்தானே?"

"அதாங்க்கா, நீங்க இருக்கியள்லா" என்றாள். எனக்குப் பயங்கரக் கோபம். கோவண்டியிலிருந்து வந்து என்னிடம் இவள் பேசுகிறாளே என்று இருந்தது. அப்படித்தான் நினைத்தேன், எழுதக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

படப்பிடிப்பு அன்றைக்குக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே எனக்கு நேரம் தெரியாமல் போய்விட்டது. ஜன்னல் கிடையாது. ஃபோனை வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு இளம்பெண் மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கினாள். குழந்தைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது, நடுவில் ஓய்வு உண்டு, தாயோ தகப்பனோ கூடவே இருக்க வேண்டும். எல்லாம் முறைப்படிதான் இருந்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், கேட்காமலேயே டீயும் கொடுத்தார்கள்.

ஒருவரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போடத்தான் எனக்கு நன்றாக வருமே. டைரக்டர் மெதுவாகப் பேசுகிற மனிதர். டீக்கடைக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. என் பெண்ணை "பேட்டா" என்று, சொந்தப் பிள்ளையைப் போலத்தான் கூப்பிட்டார். முதல் மூன்று மணி நேரம் அவளுக்கும் கொண்டாட்டம்தான். நாலு கிளாஸை ஒரே கையில் தூக்கியபோது எல்லாரும் கை தட்டினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். சிரிக்கக் கூடாது பேட்டா, சோகமாக இரு என்றார் டைரக்டர்.

சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி அதே கிளாஸ், அதே தொட்டி. வெயில் சரியாக விழவில்லை என்று ஒரு தடவை, புகை அதிகம் என்று ஒரு தடவை. தகரக் கூரையில் மழைச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பொய் வெயிலின் கதகதப்பில் எனக்குக் கண் சொக்கியது. பாதித் தூக்கத்தில் மாதுங்கா பள்ளிக்கூட மேடை வந்தது. நானே திரையை இழுக்கிறேன், உள்ளே நடுவில் என் பெண் நிற்கிறாள், கீழே உறவுக்காரர்கள் எல்லாரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விழித்துப் பார்த்தால் அவள் இன்னும் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். எது கனவு என்று பிரித்துப் பார்க்கவும் எனக்கு மனம் இல்லை.

ஐந்து மணி நேரம் எப்போது முடிந்தது என்று தெரியாது. கையெழுத்து வாங்கிய பெண் வந்து என் காதருகே குனிந்தாள். டைம் ஆகிவிட்டது, ஆனால் முகத்தை மட்டும் அருகில் எடுப்பது பாக்கி, அது இல்லாவிட்டால் படமே இல்லை, நீங்கள் சரி என்றால் எடுப்போம், இல்லை என்றால் இப்போதே நிறுத்திவிடுவோம் என்றாள். நான் சரி என்றேன். அரை மணிக்கு ஒரு தடவை வந்து கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சரி என்றேன்.

கடைசியில் கேமராவை என் பெண்ணின் முகத்துக்கு அருகே நகர்த்தினார்கள். கொட்டகையில் யாரும் அசையவில்லை. அவள் கிளாஸைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"அம்மா, போதும்மா. வீட்டுக்குப் போலாம்மா" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

அங்கே எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. டைரக்டர் அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல், என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். "க்யா போல் ரஹீ ஹை?"

"ரெடி ஹூன், போல் ரஹீ ஹை" என்றேன். தயாராக இருக்கிறேன் என்கிறாள்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. என் பெண்ணுக்கு ஹிந்தி என்னைவிட நன்றாகத் தெரியும். அவளே அதை ஹிந்தியில் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அப்போதே நிறுத்தியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடம் சொன்னால் போதும் என்று நினைத்துத் தமிழில் சொன்னாள். நான் அவருக்குச் சொன்னதையும் கேட்டாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்து அடுத்த கிளாஸை எடுத்தாள். கண்ணீர் சொட்டித் தொட்டிக்குள் விழுந்தது. கட் என்றதும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஆட்டோவில் வரும்போது என் மடியில் படுத்துத் தூங்கிப்போனாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. மழைத் திரைக்குப் பின்னால் கடை விளக்குகள் கரைந்து கரைந்து போய்க்கொண்டிருந்தன. நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

விநாயகர் சதுர்த்தி முடிந்து படம் வெளியே வந்தது. அந்தக் கடைசி முகம்தான் படமே. நிமிர்கிறாள், உதடு அசைகிறது, கண் நிறைகிறது, குனிகிறாள். சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட் மராத்திக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டே, "என்ன நடிப்பு, என்ன நடிப்பு!" என்றாள். மாதுங்காவிலிருந்து உறவுக்காரர்கள் வரிசையாக ஃபோன் செய்தார்கள். இந்தத் தடவை யாரும் 'இருந்தாலும்' சொல்லவில்லை. நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது வந்தேவிட்டது. ஆனால் யாராவது அந்தப் படத்தைப் போட்டாலே எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது.

பாத்திரம் தேய்க்கிறவள் தானாகவே கேட்டாள், எனக்குக் காட்ட மாட்டியளாக்கா என்று. ஈரக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் பிடித்திருந்த ஃபோனைக் குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போவணும்னுல்லாக்கா சொல்லுதா பிள்ள" என்றாள்.

"அது வசனம்."

"வசனமா" என்றாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள்.

தீபாவளிக்கு முன்னால் அந்தக் கோஆர்டினேட்டர் மறுபடி ஃபோன் செய்தான். இந்தத் தடவை சந்தோஷமான ரோல், பெரிய குடும்பம், நல்ல துணிமணி, குழந்தை சிரித்தால் போதும் என்றான். நான் ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த என் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளைக் கேட்டுத்தான் பதில் சொல்வது என்று தீர்மானமாக இருந்தேன்.

"கண்ணா, உனக்குப் பிடிச்சா மட்டும் பண்ணலாம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. அம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் என்ன சொன்னாலும் அவாகிட்ட நீ ரெடின்னுதானேம்மா சொல்லுவே" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. பென்சிலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.